ஹெவி மெட்டல் கிட்டாருக்கு ஆம்ப்பும் பெட்டியும்: வாசகர் கேள்வி–பதில்

கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களைப் பற்றிய ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஹெவி மெட்டல் வாசிப்பவர்களுடையவை. முத்தியால்பேட்டையில் ஆம்ப் பழுது பார்க்கும் மேசையின் முன் இருபது ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பவன் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன். வாசிப்பில் நான் சுமார்தான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: என்னிடம் 15 வாட் பயிற்சி ஆம்ப் ஒன்று இருக்கிறது. டிஸ்டார்ஷனைக் கூட்டும் கெயின் குமிழை முழுவதும் திருப்பினாலும் ஆல்பங்களில் கேட்கும் கனமான ஒலி வரவில்லை. தேன்கூட்டைக் கலைத்தது போன்ற இரைச்சல்தான் வருகிறது. 100 வாட் ஆம்ப் வாங்கினால் சரியாகிவிடுமா?
— கல்லூரி மாணவர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஆகாது. அதே இரைச்சல் இன்னும் உரக்கக் கேட்கும், அவ்வளவுதான். வாட் என்பது சத்தத்தின் அளவே தவிர அதன் தன்மை அன்று; சத்தத்தின் அளவுகூட நாம் நினைப்பதுபோல் ஏறுவதில்லை. வாட் இரட்டிப்பானால் 3 டெசிபல் கூடும். நம் காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் தேவைப்படும். ஆகவே 15-லிருந்து 100-க்குப் போனால் கிடைப்பது சுமார் 8 டெசிபல். காதுக்கு அது இரு மடங்குகூட ஆகாது.

உங்கள் குறை வேறிடத்தில் இருக்கிறது. பயிற்சி ஆம்ப்புகளில் பெரும்பாலும் 6 அல்லது 8 அங்குல ஸ்பீக்கரைத்தான், முதுகு திறந்த ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். கிட்டாரின் தடித்த கம்பி சாதாரணச் சுருதியில் எழுப்பும் ஒலி 82 ஹெர்ட்ஸ். அதற்கு அருகில் உள்ள கனமான பகுதியை அந்தச் சின்னக் காகிதக் கூம்பால் தள்ள முடியாது. மாறாக, 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கரின் ஒலி ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாகச் சரிந்துவிடும். வீட்டு ஸ்டீரியோவுக்கு இது பெருங்குறை. டிஸ்டார்ஷன் போட்ட, அதாவது ஒலியை வேண்டுமென்றே சிதைத்த, கிட்டாருக்கோ இதுவே உயிர், ஏனெனில் நீங்கள் சொல்லும் தேன்கூட்டு இரைச்சல் குடியிருப்பது அந்த 5,000-க்கு மேலேதான்.

சில மாதங்களுக்கு முன் உங்களைப் போன்ற ஒரு மாணவர் தம் சிறிய ஆம்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். பின்பக்கத் திருகுகளைக் கழற்றி, ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயர்களை உருவி, அவற்றை மூலையில் கிடந்த 12 அங்குலப் பெட்டி ஒன்றில் மாட்டினேன். குமிழ் எதையும் தொடவில்லை. அவர் உள்ளங்கை ஓரத்தைக் கம்பிமேல் வைத்து அழுத்தி ஒருமுறை அடித்தார். மேசைமேல் இருந்த திருகு டப்பா குலுங்கியது. நிமிர்ந்து பார்த்து, "கெயினைக் கூட்டிட்டீங்களாண்ணா?" என்று கேட்டார். உங்கள் நண்பர் எவரிடமாவது இத்தகைய பெட்டி இருந்தால் நீங்களும் செய்து பார்க்கலாம். ஆனால் உங்கள் ஆம்பின் பின்னால் எழுதியிருக்கும் ஓம் அளவுக்குக் குறைவான பெட்டியை மட்டும் மாட்டாதீர்கள், டிரான்சிஸ்டர் சூடேறிப் போய்விடும்.

இனி, செலவில்லாமல் இன்றே செய்யக்கூடியவை. கெயினைப் பாதிக்குக் கொண்டுவாருங்கள். டிஸ்டார்ஷன் அளவு மீறினால் பிக் கம்பியில் படும் அந்த முதல் வெட்டு மழுங்கிவிடும். மெட்டலில் கனம் என்று நாம் உணர்வது பெரும்பாலும் அந்த வெட்டைத்தான். ஆல்பத்தில் நீங்கள் கேட்பது ஒரே ஒரு கிட்டாரும் அன்று; ஒரே பகுதியை இரண்டு முறையோ நான்கு முறையோ தனித்தனியாக வாசித்துப் பதிந்து, இடப்பக்கமும் வலப்பக்கமுமாகப் பிரித்து வைத்திருப்பார்கள். அதைத் தனியொரு கிட்டாரில் கெயினால் ஈடு கட்ட முயல்வதுதான் எல்லோரும் விழும் குழி. அடுத்தது நடு ஒலிக்கான மிட் குமிழ். பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி மிட்டை அடியோடு இறக்கி வைப்பது அறையில் தனியாக வாசிக்கும்போது அமர்க்களமாக இருக்கும். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்த மறுகணம் உங்கள் கிட்டார் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும்.

கேள்வி: உண்மையான மெட்டல் ஒலிக்கு வால்வு ஆம்ப்தான் வேண்டும் என்கிறார்கள். புகழ்பெற்ற குழுக்கள் எந்த ஆம்ப்புகளைப் பயன்படுத்தின? எங்களைப் போன்றவர்கள் எதை வாங்கலாம்?
— இருவர் கிட்டார் வாசிக்கும் ஒரு குழுவினர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: மெட்டலின் தொடக்கமே, டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாயான வால்வில்தான். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிளாக் சபாத் குழுவின் டோனி ஐயோமி, அதே ஊரில் 1967-ல் தொடங்கிய லேனி நிறுவனத்தின் 100 வாட் வால்வு ஆம்பை வாசித்தார். அவர் தகரத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது வலக்கையின் இரண்டு விரல்நுனிகளை இழந்தவர். கம்பிகளைத் தளர்த்திச் சுருதி இறக்கி வாசிக்கத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். பலர் கவனிக்காத செய்தி ஒன்றுண்டு: அவர் ஆம்புக்கு முன்னால் ரேஞ்ச்மாஸ்டர் என்னும் ட்ரெபிள் பூஸ்டரை வைத்திருந்தார். இருண்டு கனத்த அந்த ஒலிக்கு முன்னால் ட்ரெபிளைக் கூட்டும் கருவியா என்று வியப்பாக இருக்கும். பேஸ் மிகுந்த ஒலி டிஸ்டார்ஷனுக்குள் போனால் களியாகக் குழைந்துவிடும். முன்னால் பேஸைக் குறைத்து அனுப்பி, டிஸ்டார்ஷன் ஆன பிறகு ஆம்பிலும் பெட்டியிலும் திரும்பச் சேர்த்தால் கனமும் இருக்கும், தெளிவும் இருக்கும். இன்றைய மெட்டல் கிட்டாரிஸ்ட்டுகள் காலால் மிதித்து இயக்கும் ஐபனீஸ் டியூப் ஸ்க்ரீமர் பெடலை, அதன் டிரைவ் குமிழை ஏறக்குறைய பூஜ்யத்திலும் லெவல் குமிழை உச்சத்திலும் வைத்து, ஏற்கெனவே டிஸ்டார்ஷனில் இருக்கும் ஆம்புக்கு முன்னால் செருகுவதும் இதே காரியத்திற்காகத்தான்.

பின்னர் வந்தவற்றில் நீங்கள் பெயரளவிலாவது அறிந்திருக்க வேண்டியவை சில. லண்டன் ஹான்வெல்லில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலின் நிறுவனம் 1981-ல் கொண்டுவந்த ஜேசிஎம் 800, எண்பதுகளின் மெட்டலுக்கு முகவரியாக இருந்தது. கலிபோர்னியாவில் ரண்டால் ஸ்மித் தொடங்கிய மெசா பூகியின் மார்க் டூ சி பிளஸ், மெட்டாலிகாவின் 1986-ஆம் ஆண்டு ஆல்பமான 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஒலியில் பெரும்பங்கு வகித்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதே நிறுவனத்தின் டூயல் ரெக்டிஃபயரும், எடி வான் ஹேலனுக்காகப் பீவி நிறுவனம் செய்த 5150-உம் வந்தன. 5150 பிற்பாடு 6505 என்று பெயர் மாறியது. இன்றும் மெட்டல் பதிவுகளில் அடிக்கடி கேட்கும் ஒலி அதுதான். மார்ஷல் பெரும்பாலும் இஎல் 34 வால்வுகளையும், பீவியும் ரெக்டிஃபயரும் 6எல்6 வால்வுகளையும் கொண்டவை; முன்னது மிட் பகுதியில் உறுமும், பின்னது அடியில் இறுக்கமாக நிற்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். என் காதுக்கு இந்த வேறுபாடு, ஸ்பீக்கரை மாற்றினால் கேட்கும் வேறுபாட்டில் கால்வாசிகூட இல்லை.

"வால்வுதான் வேண்டும்" என்ற பேச்சுக்கு வருவோம். பேண்டெரா குழுவின் டைம்பேக் டேரல் புகழின் உச்சியில் வாசித்தது ரேண்டால் நிறுவனத்தின் டிரான்சிஸ்டர் ஆம்ப். வால்வு ஒன்றுகூட அதில் இல்லை. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் டெத் மெட்டல் குழுக்கள் தங்களுக்கென்று ஓர் ஒலியை உண்டாக்கிக்கொண்டது பாஸ் நிறுவனம் 1983-ல் வெளியிட்ட எச்எம்-2 என்ற சிறிய பெடலின் நான்கு குமிழ்களையும் உச்சத்தில் வைத்துத்தான். எனவே இது மதச்சண்டையாக வேண்டியதில்லை. வால்வு ஆம்ப் வாங்கினால் பவர் வால்வுகளை ஜோடியாக மாற்ற வேண்டும், பல மாடல்களில் அப்போது பயஸ், அதாவது வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அமைப்பு, சரிபார்க்க வேண்டும். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சர்களில் அது தங்கியிருக்கும், ஆகவே நீங்களாகத் திறக்கக் கூடாது. நம் ஊரில் இந்த வேலை தெரிந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

உங்கள் குழுவில் இரண்டு கிட்டார் இருப்பதால் ஒரு யோசனை. ஒருவர் 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள பாஸ் கட்டானா 50 போன்ற டிஜிட்டல் ஆம்பை வாங்கிக்கொள்ளலாம். அதை அரை வாட்டுக்கும் இறக்கலாம், 25-லும் 50-லும் வைக்கலாம், வீட்டுக்கும் மேடைக்கும் ஒன்றே போதும். மற்றவருக்கு வால்வு ஆசை விடாது என்றால் 20 வாட்டளவில் ஒரு தலைப்பகுதியை (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்பை) வாங்கி, மிச்சப் பணத்தை நல்ல பெட்டிக்குச் செலவிடட்டும். இருவரும் ஒரே ஆம்ப், ஒரே அமைப்பு என்று போகாதீர்கள். ஒருவர் மிட்டைச் சற்று மேலேயும் மற்றவர் சற்றுக் கீழேயும் வைத்தால்தான் மேடையில் இரண்டு கிட்டாரும் தனித்தனியாகக் கேட்கும்.

கேள்வி: தலைப்பகுதி வாங்கிவிட்டேன். பெட்டியில் ஒரு ஸ்பீக்கர் போதுமா, இரண்டா, நான்கா? எந்த ஸ்பீக்கர்? ஓம் கணக்கு தலை சுற்றுகிறது.
— தனியார் நிறுவன ஊழியர், நெல்லிக்குப்பம்

பதில்: மேடையில் நான்கு ஸ்பீக்கர் பெட்டியின் முன் நின்று வாசித்தவனுக்கு வேறெதுவும் பிடிக்காது, கால்சட்டை படபடப்பதே ஒரு சுகம். ஆனால் அது 35 கிலோவைத் தாண்டும், மாடிப்படியில் ஏற்ற இருவர் வேண்டும், ஷேர் ஆட்டோக்காரர் பார்த்ததும் வண்டியை எடுத்துவிடுவார். உங்களுக்கு நான் சொல்வது முதுகு மூடிய இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. முதுகு மூடியிருப்பது முக்கியம். உள்ளே அடைபட்ட காற்று வில்சுருள்போல் நின்று கூம்பை இழுத்துப் பிடிப்பதால், உள்ளங்கையால் அடக்கி அடிக்கும் ஒவ்வோர் அடியும் 'டக் டக்' என்று துண்டாக விழும். முதுகு திறந்த பெட்டியில் அதே அடி அறை முழுவதும் பரவி விளிம்பிழந்து போகும். புளூஸுக்கு அது அழகு, நமக்கு வேண்டாம்.

ஸ்பீக்கர்களில் செலஸ்டியன் நிறுவனத்தின் வின்டேஜ் 30-ஐத்தான் மெட்டல் பதிவுகளில் அதிகம் கேட்டிருப்பீர்கள். பெயரில் 30 இருந்தாலும் தாங்கும் திறன் 60 வாட். மேல்மிட் பகுதியில் துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு மேடு இதன் அடையாளம். டிரம்ஸுக்கு இடையிலும் கிட்டார் வெட்டிக்கொண்டு வருவது அதனால்தான். தனியாக வாசிக்கும்போது சிலருக்கு அது காதைக் குத்தும். மார்ஷலின் நான்கு ஸ்பீக்கர் பெட்டிகளில் காணப்படும் ஜி12டி-75 இதற்கு நேர்மாறு: மிட் சற்றே குழிந்தது, அடியும் நுனியும் மிகுந்தது, 75 வாட் தாங்கும். பழைய கிரீன்பேக் இனிமையானது, ஆனால் ஒன்றுக்கு 25 வாட்தான்; 100 வாட் தலைப்பகுதிக்கு நான்கு கிரீன்பேக் என்பது கத்திமேல் நடப்பது. இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் வின்டேஜ் 30 தருவது 100 டெசிபல், ஜி12டி-75 தருவது 97 டெசிபல். இந்த 3 டெசிபல் வேறுபாடு வாட்டை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். ஸ்பீக்கரை மாற்றினாலே 50 வாட் ஆம்ப் 100 வாட்போல் ஒலிக்கும் என்பதை விற்பனைக்காரர் உங்களுக்குச் சொல்லமாட்டார். கைக்கு வசதி இருந்தால் பெட்டியில் இரண்டும் கலந்து ஒவ்வொன்று போட்டுப் பாருங்கள். ஒன்றின் குழி மற்றதின் மேட்டால் நிரம்பும்.

ஓம் கணக்கு பத்தாம் வகுப்பு அறிவியலில் படித்ததுதான். தொடரிணைப்பில் கூட்ட வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் பாதியாகும். இரண்டு 16 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் போட்டால் பெட்டி 8 ஓம். இரண்டு 8 ஓம் என்றால் பக்க இணைப்பில் 4, தொடரிணைப்பில் 16. நான்கு 16 ஓம் ஸ்பீக்கர்களை இரண்டிரண்டாகத் தொடராகக் கோத்து, அந்த இரு ஜோடிகளையும் பக்கமாக இணைத்தால் மீண்டும் 16-லேயே வந்து நிற்கும். வால்வு ஆம்பானால் பின்பக்கத்தில் 4, 8, 16 என்று இருக்கும் துளைகளில் பெட்டியின் அளவுக்குப் பொருந்துவதில் செருகுங்கள். டிரான்சிஸ்டர் ஆம்பானால் குறிப்பிட்ட ஓமுக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். மேலே போனால் சத்தம் குறையும், ஆபத்தில்லை.

தலைப்பகுதிக்கும் பெட்டிக்கும் இடையில் கிட்டார் ஒயரைப் போடுபவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். முனை ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே ஓடும் கம்பி முடியளவுதான். ஸ்பீக்கருக்கென்று தடித்த இரட்டை ஒயரை வாங்குங்கள். பெட்டியைத் தரையில் வைத்துக் கணுக்காலுக்கு வாசித்துக் காட்டாதீர்கள். கிட்டார் ஸ்பீக்கரின் கூர்மையான ஒலி டார்ச் வெளிச்சம்போல் நேராகப் போகும். ஒரு நாற்காலிமேல் ஏற்றி வைத்தால், கூடத்தின் நடுவில் இருப்பவர் இத்தனை நாளாகப் பட்ட வேதனையை நீங்களும் அறிந்து ட்ரெபிளைக் குறைப்பீர்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் பலாமரத்துக்குப் பஞ்சமில்லை. வீணையும் மிருதங்கமும் பலாவில் செய்கிறார்களே, ஸ்பீக்கர் பெட்டியையும் பலாப் பலகையில் செய்தால் ஒலி சிறக்குமா?
— மரவேலை செய்பவர், பண்ருட்டி

பதில்: இதழுக்கு வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வீணையின் குடம் தானே பாட வேண்டியது. கிட்டார் பெட்டி பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியது. பலகை அதிர்ந்தால் அந்த அதிர்வுக்கு ஆம்பின் ஆற்றல் செலவாகும், அடி ஒலி கலங்கும். முழுமரத்தில் பெட்டி செய்யும் வழக்கமே இல்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஃபெண்டர் நிறுவனம் தன் பழைய ஆம்ப் பெட்டிகளைப் பைன் மரத்தில்தான் செய்தது. ஆனால் அவை முதுகு திறந்தவை, ஒலியும் வேறு வகை. மேலும் நம் கடற்காற்றில் முழுப்பலகை ஆடியில் ஒரு அளவு, ஐப்பசியில் ஒரு அளவு என்று விரிந்து சுருங்கும். காற்றுப் புகாத பெட்டியின் மூட்டு விட்டுப்போனால் அது முதுகு திறந்ததற்குச் சமம்.

வெளிநாட்டில் நல்ல பெட்டிகள் 18 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட்டில் செய்யப்படுகின்றன. நமக்கு அதற்கு ஈடாகக் கைக்கெட்டுவது மரைன் பிளை. பலகையின் மேல், மரைன் பிளைக்கான இந்தியத் தரக் குறியான ஐஎஸ் 710 என்று முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பார்ட்டிகிள் போர்டில் செய்த மலிவுப் பெட்டி ஒரு மழைக்காலத்தில் ஊறி, மூலைத் திருகு பிடிப்பு விட்டுப்போய் என்னிடம் வருவது வழக்கம். நான்கு ஸ்பீக்கர் பெட்டிக்கு ஏறக்குறைய 77 செ.மீ. அகலம், 75 செ.மீ. உயரம், 36 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்பீக்கர் பலகையின் நடுவுக்கும் முதுகுப் பலகைக்கும் இடையில் ஒரு முட்டுக்கட்டை கொடுங்கள், இரண்டும் ஒரே பிடியாக நிற்கும். அந்த முட்டுக்கட்டையையும் மூலைச் சட்டங்களையும் தாராளமாகப் பலாவில் செய்யலாம்.

ஓர் எச்சரிக்கை, என் கைக்காசு போட்டுக் கற்றது. 12 அங்குல ஸ்பீக்கர் என்றால் 12 அங்குலத் துளை என்று எண்ணி முதல் பெட்டிக்கு நான் 30 செ.மீ.க்கு மேல் வட்டம் அறுத்துவிட்டேன். 12 அங்குலம் என்பது ஸ்பீக்கரின் வெளிவிளிம்பு. திருகு போடும் உதட்டுக்கு இடம் விட்டு 28.3 செ.மீ. விட்டத்தில் அறுக்க வேண்டும். அந்தப் பலகை இன்றும் என் கடையில் நோட்டீஸ் பலகையாக இருக்கிறது.

கேள்வி: ஜூன் 21 இசை விழாவுக்கும் கல்லூரி விழாக்களுக்கும் வாசிக்கிறோம். மைக் செட்காரர், "பாக்ஸ் எதுக்கு? பெடலை நேரா மிக்சர்ல குத்துங்க" என்கிறார். வேறொரு ஊரில், எங்கள் கிட்டார் பெட்டியைத் தம் அகுஜா ஆம்பில் மாட்டலாம் என்றார்கள். செய்யலாமா?
— குழுவின் கிட்டாரிஸ்ட், வில்லியனூர்

பதில்: முதலாவதைச் செய்தால் முதல் பதிலில் சொன்ன தேன்கூடு, ஊர் கேட்கும் அளவில் திரும்ப வரும். மைக் செட்டின் பெட்டிகள் 15,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் ஒலிப்பவை. கிட்டார் ஸ்பீக்கர் வடிகட்டும் கசடு அத்தனையும் அவற்றில் வெளியே கொட்டும். கூம்புக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டு வழிகள் உள்ளன. உங்கள் பெட்டியின் முன் ஷூர் எஸ்எம் 57 மைக்கை, வலைத்துணியை ஒட்டினாற்போல், நடுக் குமிழும் கூம்பும் சேரும் வளையத்துக்கு நேராக வையுங்கள். நடுவுக்கு நகர்த்தினால் கூர்மை ஏறும், ஓரத்துக்கு நகர்த்தினால் இருளும். ஒரு விரல்கடை நகர்த்துவது குமிழைக் கால் சுற்றுத் திருப்புவதைவிடப் பெரிய மாற்றம். இரண்டாவது வழி, பெடல்போர்டின் கடைசியில் ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் பதிந்து வைத்திருக்கும் ஐஆர் கருவியைச் சேர்த்து மிக்சருக்குள் விடுவது. அப்போது மைக் செட்காரர் சொன்னதும் நடந்ததாகிவிடும், உங்கள் ஒலியும் கெடாது.

அகுஜா ஆம்பின் பின்னால் 4, 8, 16 ஓம் திருகுகளோடு 70 வோல்ட், 100 வோல்ட் என்று எழுதிய திருகுகளும் இருக்கும். திருவிழாவில் தெரு நீளத்துக்கு வரிசையாகக் கட்டும் குழாய் ஸ்பீக்கர்கள் அந்த 100 வோல்ட் லைனில் ஓடுபவை. அவை ஒவ்வொன்றிலும் தனி டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. உங்கள் பெட்டியில் அது கிடையாது. இருட்டில், அவசரத்தில், யாரோ ஒருவர் அந்தத் திருகில் உங்கள் ஒயரை முறுக்கிவிட்டால் ஸ்பீக்கரின் சுருள் கருகிவிடும், அல்லது ஆம்ப் போய்விடும். உங்கள் பெட்டியில் வேறு எந்த ஒயரையும் எவரும் மாட்டாதபடி நீங்களே பக்கத்தில் நில்லுங்கள்.

கேள்வி: பிரான்சில் இருக்கும் மாமா ஒரு ஆம்பும், அமெரிக்காவில் இருக்கும் அக்கா ஒரு ஆம்பும் அனுப்புவதாகச் சொல்கிறார்கள். எதை ஏற்பது?
— மாணவி, முதலியார்பேட்டை, புதுச்சேரி

பதில்: கொடுத்துவைத்தவர் நீங்கள். மின்சாரத்தை மட்டும் பார்த்தால் மாமாவின் ஆம்ப்தான். பிரான்சிலும் நம்மைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும் வேறு. அது நம் சாக்கெட்டில் தளர்வாக நுழைந்துவிடும், ஆனால் எர்த் தொடர்பு கிடைக்காது. ஒரு கையில் கிட்டார் கம்பியும் உதட்டருகில் மைக்கும் இருக்கும்போது எர்த் இல்லாமல் வாசிப்பது உயிரோடு விளையாடுவது. ஒயரின் முனையில் நம் மூன்று முள் பிளக்கைப் பொருத்திவிடுங்கள். அக்காவின் ஆம்ப் 120 வோல்ட்டுக்கானதாக இருக்கும். பின்பக்கத்தில் வோல்ட்டேஜ் மாற்றும் வசதி இல்லையென்றால் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 100 வாட் வால்வு ஆம்ப் சுவரிலிருந்து அதைப் போல் மூன்று மடங்கு வரை இழுக்கக்கூடும் என்பதால் 500 விஏ-க்குக் குறையாமல் வாங்குங்கள். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்யப்பட்டதானால் நம் 50 ஹெர்ட்ஸில் அதன் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடேறும். அக்காவிடம் பெடல்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். இரவில் வால்வு ஆம்பின் பெட்டி ஒயரைக் கழற்றிவிட்டு ஹெட்ஃபோனில் கேட்கலாமா?
— வாசகர், ரெட்டியார்பாளையம்

பதில்: ஆம்பிலேயே லோடு வசதி (பெட்டிக்குப் பதிலாக ஆம்பின் ஆற்றலை வாங்கிக்கொள்வது) இருப்பதாகக் கையேட்டில் எழுதியிருந்தால் ஒழியக் கூடவே கூடாது. பெட்டியோ லோடு பாக்ஸோ இல்லாமல் வால்வு ஆம்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரியும். ஆம்பில் விலை கூடிய பாகங்களில் அது ஒன்று. லோடு பாக்ஸ் வாங்குங்கள், அல்லது இரவுக்கு மட்டும் ஒரு சிறிய டிஜிட்டல் கருவி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். ஆம்ப் வாங்கி ஓராண்டுதான் ஆகிறது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஒலி மங்கி மெலிந்துவிடுகிறது, தட்டினால் திரும்ப வருகிறது. வால்வு போய்விட்டது என்று ஒருவர் நான்கு வால்வையும் மாற்றச் சொல்கிறார்.
— மீன்பிடித் தொழில் செய்பவர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஆம்பின் பின்பக்கத்தில், பெடல்களை இடையில் சேர்ப்பதற்கான எஃபெக்ட்ஸ் லூப்புக்கென்று செண்ட், ரிட்டர்ன் என இரண்டு துளைகள் இருக்கும். ஒரு சிறிய கிட்டார் ஒயரை எடுத்துச் செண்டிலிருந்து ரிட்டர்னுக்குச் செருகி வாசித்துப் பாருங்கள். ஒலி முழுதாகத் திரும்பி நிலைத்துவிட்டால் வால்வுகள் நலமாகவே இருக்கின்றன. அந்த ரிட்டர்ன் துளைக்குள், எதுவும் செருகாதபோது தானாக மூடிக்கொண்டு ஒலியைக் கடத்தும் ஒரு சின்னத் தகடு இருக்கிறது. பல மாடல்களில் மொத்த ஒலியும் அதன் வழியாகத்தான் போகிறது. அந்தத் துளையைப் பயன்படுத்தாமலே விட்டால் உப்புக்காற்றில் தகட்டின்மேல் களிம்பு ஏறித் தொடர்பு விட்டுவிட்டு வரும். உங்கள் படகு எஞ்சினின் பேட்டரி முனையில் பூக்கும் அதே சங்கதிதான்.

ஆம்பை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கிய பிறகு, கான்டாக்ட் கிளீனரை ஒரு பிளக்கின் முனையில் தெளித்து அந்தத் துளையில் இருபது முறை செருகி எடுங்கள். துளைக்குள் நேராகப் பீய்ச்ச வேண்டாம். குமிழ்களைத் திருப்பும்போது கரகரவென்றால் அவற்றையும் அவ்வப்போது முனையிலிருந்து முனை வரை சுழற்றி விடுங்கள். வாசிக்காத நாட்களில் ஆம்பின் மேல் பிளாஸ்டிக் உறை போடாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பருத்தித் துணி போதும். அந்தச் சின்ன ஒயர் செண்டுக்கும் ரிட்டர்னுக்கும் இடையிலேயே நிரந்தரமாகக் கிடந்தாலும் கேடில்லை; என் சொந்த ஆம்பில் ஆறு ஆண்டுகளாக அப்படித்தான் கிடக்கிறது.